சன்னிவேல் கராஜில் ஒரு ஆறு சிலிண்டர்

கலிஃபோர்னியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கிளம்பியவர், பெயின்டைப் பார்ப்பதற்கு முன்பே மாடல் வருஷத்தைக் கேட்டுவிடுவார். 1975 என்றால் விலை பேச உட்காருவார். 1976 என்றால் தயங்குவார். டாட்சன் 280இசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வருஷத்து வண்டிகளுக்கும் ஒரே பாடி, ஒரே 2.8 லிட்டர் இன்ஜின். ஆனால் 1975 வரை வந்த பெட்ரோல் கார்களுக்கு இந்த மாநிலத்தில் புகைச் சோதனை கிடையாது. அதற்குப் பிறகு வந்தவை, எங்கள் வளைகுடாப் பகுதியில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்மாக் செக் தேறியாக வேண்டும். இன்ஜினைப் பிரித்துச் சக்தியைக் கூட்ட நினைப்பவருக்கு அந்த ஒரு வருஷம் பெரிய மதில்.

மதிலுக்கு அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும்? சோதனைக்காரர் முதலில் பானெட்டைத் திறப்பார். புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் கம்பெனி பூட்டியபடி இருக்க வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்திய பாகத்துக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். அப்புறம் சக்கரங்களை ரோலரில் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் சுமை கொடுத்து ஓடவிட்டுப் புகையை அளப்பார். இன்ஜினையே மாற்றியிருந்தால் 'ரெஃப்ரீ' என்ற தனி அதிகாரியிடம் போக வேண்டும். போட்ட இன்ஜின், காரின் வருஷத்தையோ அதற்குப் பிந்தைய வருஷத்தையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதற்குரிய புகைக் கருவிகளும் கூடவே வந்திருக்க வேண்டும்.

இந்த மதில் முன்பு நகர்ந்துகொண்டே இருந்தது. 30 வயது ஆன கார் தானாகவே விலக்கு பெறும் என்பது பழைய விதி. 2004-இல் வந்த சட்டம் அதை 1975-இல் நிறுத்தி வைத்துவிட்டது. தொலைக்காட்சி நட்சத்திரம் ஜே லெனோ ஆதரித்ததால் 'லெனோ சட்டம்' என்று பெயர் பெற்ற மசோதா, இந்த விலக்கைத் தளர்த்தப் பார்த்து 2025-இல் சட்டமன்றக் குழுவிலேயே நின்றுபோனது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: காற்றைக் காக்கும் சட்டம் வேண்டும். அது இல்லாத காலத்தில் இந்தச் சிலிக்கான் பள்ளத்தாக்கின் மலைகள் புகைமூட்டத்தில் மறைந்துகிடந்தன. சோதனை இல்லை என்பதால் புகைக் கருவியைக் கழற்றி வீசலாம் என்றும் ஆகாது. 1960-களின் பிற்பகுதிக்கு அப்புறம் வந்த கார்களில் அவற்றைக் கழற்றக் கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது. பழைய இன்ஜினைச் செய்பவர்களில் பொறுப்பானவர்கள் இதைத் தெரிந்தே வேலை பார்க்கிறார்கள்.

சன்னிவேலில் எனக்குத் தெரிந்த தமிழ் நண்பர் ஒருவர் மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். ஊர் கோவை, பீளமேடு. பகலில் மென்பொருள் வேலை. இரவு எட்டு மணிக்குமேல் கராஜ் கதவு பாதி ஏறியிருக்கும். உள்ளே 1972 டாட்சன் 240இசட். பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டில், தலைகீழாகத் திருப்பிய நிலையில், அதற்கான இன்ஜின்.

240இசட் 1969 இறுதியில் ஜப்பானில் அறிமுகமாகி, 1970-இல் அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நிஸ்ஸானின் அமெரிக்கப் பிரிவை நடத்திய யுதாகா கதயாமா பிடிவாதமாக நின்று கேட்டு வாங்கிய கார். எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். இன்ஜினின் பெயர் எல்24: வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே ஒற்றை கேம்ஷாஃப்ட், கிராங்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். 83 மில்லிமீட்டர் போர், 73.7 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 2,393 சிசி. கம்பெனி சொன்ன சக்தி 151 குதிரைத்திறன். அந்தக் கால அமெரிக்கக் கணக்கில், ஏர் ஃபில்டரும் சைலன்சரும் இல்லாமல் இன்ஜினைத் தனியாக மேசையில் ஓட்டி அளந்த எண் அது. இன்று சக்கரத்தில் டைனோ வைத்து அளந்தால் அதைவிட நன்றாகவே குறையும். ஐம்பது வருஷத் தேய்மானம் வேறு சேர்ந்துகொள்ளும்.

இது ரேஸ் பார்த்த இன்ஜினும்கூட. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பீட்டர் பிராக்கின் அணிக்காக ஜான் மார்ட்டன் 240இசட் ஓட்டி, 1970, 1971 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம் வாங்கினார். போர்ஷேக்களை இந்த மலிவு விலை ஜப்பான் கார் பின்னால் தள்ளியது.

ஹெண்டி அவென்யூ சொல்லித்தரும் கணக்கு

சக்தி என்றால் என்ன என்பதைச் சன்னிவேலிலேயே பார்க்கலாம். ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஹெண்டி அவென்யூ என்று ஒரு தெரு. 1906 நிலநடுக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அழிந்த ஜோஷுவா ஹெண்டி இரும்புத் தொழிற்சாலை, பழத்தோட்டங்களாக இருந்த இந்த ஊருக்கு இடம் மாறி வந்தது. இரண்டாம் உலகப்போரில் லிபர்ட்டி சரக்குக் கப்பல்களுக்கு இங்கே 754 நீராவி இன்ஜின்கள் வார்த்துக் கடைந்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் 130 டன்னுக்கு மேல். சக்தி 2,500 குதிரைத்திறன். சுற்றும் வேகமோ நிமிஷத்துக்கு வெறும் 76. சிலிக்கான் வருவதற்கு முன்பே இது இன்ஜின் ஊர்.

குதிரைத்திறன் என்பது திருகுவிசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கி வருவது. ஹெண்டி இன்ஜினின் திருகுவிசை, எல்24-இன் திருகுவிசையைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். ஆனால் எல்24 நிமிஷத்துக்கு 5,600 சுற்றுவதால், சக்திக் கணக்கில் வித்தியாசம் பதினேழு மடங்குக்குள் சுருங்கிவிடுகிறது. ஆகவே சக்தியைக் கூட்ட வழி இரண்டே. ஒவ்வொரு வெடிப்பிலும் அதிகக் காற்றையும் பெட்ரோலையும் எரிக்க வேண்டும். அல்லது நிமிஷத்துக்கு அதிக வெடிப்புகள் நடக்க வேண்டும். கேட்லாக்கில் இருக்கும் ஆயிரம் பாகங்களும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் உழைக்கின்றன.

முதல் வழியில் நண்பர் எடுத்திருப்பது, இசட் கார்க்காரர்கள் பல காலமாகச் செய்துவரும் ஒரு கைவேலை. 280இசட்எக்ஸின் 2.8 லிட்டர் பிளாக்கை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் போர் 86, ஸ்ட்ரோக் 79. அதே குடும்பத்தில் நிஸ்ஸான் ஒரு டீசல் இன்ஜினும் செய்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் டாட்சன் மாக்ஸிமா செடானில் வந்த எல்டி28. அதன் கிராங்குக்கு 83 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அந்த டீசல் கிராங்கைப் பெட்ரோல் பிளாக்கில் இறக்கி, சிலிண்டரை 89-க்கு ரீபோர் செய்து, பிற்காலத்து நிஸ்ஸான் 240எஸ்எக்ஸின் பிஸ்டன், பழைய எல்24-இன் கனெக்டிங் ராட் என்று சேர்த்தால் 3,100 சிசி வருகிறது. வெவ்வேறு பத்தாண்டுகளில், வெவ்வேறு கார்களுக்காக வரைந்த பாகங்கள் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். யாரோ ஒரு ஜப்பானிய வரைபடக்காரர், பிளாக்கின் உயரத்தையும் பேரிங் அளவையும் மாற்றாமல் வைத்ததன் பலனை இன்று ஒரு கோவைக்காரர் அனுபவிக்கிறார்.

86-ஐ 89 ஆக்கினால் சிலிண்டர் சுவர் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் மெலியும். வார்ப்பில் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது. உள்ளே இருக்கும் மண்-அச்சு வார்க்கும்போது சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போயிருக்கும். அதனால் ரீபோருக்கு முன்னால் அல்ட்ராசவுண்ட் கருவியால் ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றிச்சுற்றி அளக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தவர்கள், பிஸ்டன், ரிங் எல்லாம் வாங்கிய பிறகு பிளாக்கைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது வழி வேகம். அதற்கு விலை இருக்கிறது. சுற்று வேகம் 5,600-இலிருந்து 7,000 ஆனால் கூடுவது கால் பங்குதான். ஆனால் பிஸ்டனை மேலே நிறுத்திக் கீழே இழுக்கும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் தாங்க வேண்டிய சுமை 56 சதவீதம் கூடிவிடும். ஸ்ட்ரோக்கும் நீண்டிருப்பதால் அதற்கு மேலும் சேரும். பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 14 மீட்டரிலிருந்து 19 மீட்டருக்கு மேல் போகும். ஆகவே பழைய ராட் போல்ட்டுகளை மறுபடி பூட்டுவது கூடவே கூடாது. கிராங்கின் முன்முனையில் இருக்கும் டாம்பரையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவே ஒரு ரப்பர். ஆறு சிலிண்டர் கிராங்க் நீளமானது, ஒவ்வொரு வெடிப்புக்கும் முறுக்கி விடுபடும். அந்த அதிர்வை வாங்கிக்கொள்வது இந்த ரப்பர்தான். அரை நூற்றாண்டில் அது காய்ந்து வெடித்து, வெளி வளையம் வழுக்கத் தொடங்கும். வளையத்தில் இருக்கும் டைமிங் குறியும் கூடவே நகரும். பொய்க் குறியைப் பார்த்து டைமிங் வைத்தால் பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் 'நாக்' அடிக்கும், பிஸ்டன் உருகும்.

நாக்கிங் என்றதும் பெட்ரோல் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 93 ஆக்டேன் பம்பிலேயே கிடைக்கும். கலிஃபோர்னியாவில் பிரீமியம் என்றால் 91. இந்த இரண்டு எண் குறைவதால், கம்ப்ரஷனை எவ்வளவு உயர்த்தலாம் என்பதில் இந்த ஊர்க்காரர் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. பழைய அலுமினிய ஹெட்டுக்குப் பத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் 1972-இன் ரப்பர் ஹோஸ்களை எல்லாம் மாற்றியும் ஆக வேண்டும்.

அப்பாவும் மெழுகு நூலும்

நான் போயிருந்த இரவில் மெயின் பேரிங் அளக்கும் வேலை. கிராங்க் ஜர்னல் மேல் சேமியா இழையைவிட மெல்லிய பச்சை மெழுகு நூல் ஒன்றைக் குறுக்காக வைக்கிறார். மேலே கேப்பை வைத்து, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்குகிறார். கிராங்கைக் கொஞ்சமும் திருப்பக் கூடாது. மறுபடி கழற்றினால் நூல் நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சிட்ட அளவோடு அந்த அகலத்தை ஒப்பிட்டால், பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரியும். 55 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. குறைந்தால் ஆயில் உள்ளே போகாமல் பேரிங் பிடித்துக்கொள்ளும். கூடினால் ஆயில் பிரஷர் விழும். இன்ஜின் சுற்றும்போது இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில் படலத்தின் மேல்தான் கிராங்க் மிதக்கிறது.

பெஞ்சில் சாய்த்து வைத்த போனில் கோவையிலிருந்து அவருடைய அப்பா. முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவர். அங்கே காலை நேரம், கையில் காப்பி.

"கண்ணு, பேரிங்க வெறுங்கையில தொடாத. வேர்வை பட்டா கறை புடிக்கும்."

"கிளவுஸ் போட்டிருக்கறனுங்ப்பா."

"ஏழும் ஒரே மாதிரி வருதா பாரு. நடுவுல ஒண்ணு மட்டும் டைட்டா இருந்தா கிராங்கு வளைஞ்சிருக்கும்."

ஏழையும் அளந்து, ஒரு காகிதத்தில் எழுதி, போனுக்கு நேராகக் காட்டிய பிறகுதான் அப்பா காப்பியைக் குடித்து முடித்தார். சக்தியைக் கூட்டும் வேலையில் முக்கால்வாசி நேரம் அளப்பதில்தான் போகிறது. டிரிப்பிள் வெப்பர் கார்புரேட்டர் வாங்க ஒரு கிளிக் போதும். சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் சரியான கோணத்தில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருக்கின்றனவா, ரிங் முனைகளுக்கு நடுவே சூட்டில் விரிய இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பொறுமைதான் முதல் கருவி. தேய்ந்துபோன இன்ஜினில் கேமையும் கார்புரேட்டரையும் மாற்றிச் சக்தி தேடுகிறவர்கள் பணத்தைச் சைலன்சர் வழியாக ஊதித் தள்ளுகிறார்கள். ஆயில் குடிக்கிற இன்ஜினை முதலில் சரிசெய்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தாலே இழந்த சக்தி கணிசமாகத் திரும்பிவிடும். அதற்கப்புறம்தான் கூட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

கிராங்க் கிரைண்டிங், ரீபோர், ஹெட் லெவல் செய்வது ஆகியவற்றை வீட்டில் செய்ய முடியாது. மெஷின் ஷாப் வேண்டும். வளைகுடாப் பகுதியில் அப்படிப்பட்ட பழைய பட்டறைகள் அரிதாகிவிட்டன. அந்த நிலத்தின் வாடகையை ஒரு போரிங் மெஷினால் சம்பாதிக்க முடியவில்லை. இருக்கும் பட்டறைகளில் கைதேர்ந்தவர்கள் வயதானவர்கள், முறை வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கோவையிலோ அம்பத்தூரிலோ சைக்கிள் தூரத்தில் கிடைக்கிற வேலை அது.

நம் ஊருக்கும் இந்தக் கலையில் நல்ல பங்கு இருக்கிறது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியது. ஃபியட், ஹெரால்டு இன்ஜின்களின் ஹெட்டைச் சீவி, போர்ட்டைத் தேய்த்து வழவழப்பாக்கி, கேமை மாற்றி ஓட்டினார்கள். வெளிநாட்டுப் பாகம் வாங்க வழியில்லாத காலம். கோவையின் கரிவரதன் மாருதி 800-இன் சின்ன இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் அதில் கற்றுக்கொண்டுதான் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

பக்கத்து ஊரிலிருந்து லெ மான்ஸ் வரை

சன்னிவேலை ஒட்டிய மவுன்டன் வியூவில், எழுபதுகளில், பாப் கேரெட்ஸன் ஒரு போர்ஷே பட்டறை வைத்திருந்தார். டிக் பார்பர் அணியின் போர்ஷே 935 கார்கள் அங்கேதான் தயாராயின. 1964-இல் 911 கார் வந்தபோது அதன் காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் இன்ஜின் 2 லிட்டர், 130 குதிரைத்திறன். பதினைந்து வருஷம் கழித்து, அதே வம்சத்தில் வந்த 935-இன் இன்ஜின், 3 லிட்டருக்குச் சற்று மேலாகி, இரண்டு டர்போ வைத்து 700-ஐத் தாண்டியது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் விசிறி, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. அமுக்கிய காற்று சூடாகும், சூடானால் நாக்கிங். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். ஜெர்மனியின் கிரேமர் சகோதரர்கள் தங்கள் கே3 மாடலில் தண்ணீரை நம்பாமல், காற்றாலேயே காற்றைக் குளிர்வித்தார்கள்.

1979 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் கிரேமரின் கார் முதலிடம். இரண்டாமிடம் டிக் பார்பரின் 935. ஓட்டியவர்களில் ஒருவர் 54 வயது நடிகர் பால் நியூமன். பிட்டில் ஒரு வீல் நட் இறுகிக்கொண்டு கழல மறுத்ததில் அவர்களுக்குப் பொன்னான நிமிஷங்கள் போயின. அதே வருஷம் நியூமன் அமெரிக்காவில் டாட்சன் 280இசட்எக்ஸ் ஓட்டித் தேசியப் பட்டமும் வாங்கினார். அந்த இன்ஜினின் குடும்பம்தான் நம் நண்பரின் ஸ்டாண்டில் தொங்குகிறது.

அடுத்த வருஷம் லெ மான்ஸில் பார்பர் அணியின் கே3 ஒன்று வெள்ளை நிறத்தில், வானவில் பட்டையோடு வந்தது. பக்கவாட்டில் 'ஆப்பிள் கம்ப்யூட்டர்'. குப்பர்டினோவின் அந்தச் சிறு கம்பெனி பங்குச் சந்தைக்குப் போக இன்னும் ஆறு மாதம் இருந்தது. கேரெட்ஸனும் ஓட்டுநர்களில் ஒருவர். கார் பந்தயத்தை முடிக்கவில்லை, இன்ஜின் போய்விட்டது. ஆனால் 1981-இல் அவர், பாபி ரேஹால், பிரையன் ரெட்மன் மூவரும் 935 கே3-இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்கள். அந்த வருஷத்து உலக என்ட்யூரன்ஸ் ஓட்டுநர் பட்டமும் கேரெட்ஸனுக்கே. வோல்க்ஸ்வாகன், போர்ஷே ரிப்பேரோடு தொழிலை வளர்த்த ஒருவர், உள்ளூர்ப் பட்டறையிலிருந்து கிளம்பி உலகப் பட்டம் வாங்கியதைச் சிலிக்கான் பள்ளத்தாக்கு தன் கதைகளில் இன்னும் உரத்துச் சொல்ல வேண்டும்.

முதல் இருபது நிமிஷம்

பூட்டி முடித்த இன்ஜினுக்கு ஆபத்தான நேரம், முதல் தடவை உயிர் பெறும்போதுதான். எல் வகை இன்ஜினில் கேம் லோப் மேல் ராக்கர் வழுக்கிக்கொண்டே ஓடும்; உருளை கிடையாது. புதுக் கேமைச் சுமார் இருபது நிமிஷம், இரண்டாயிரம் சுற்றுக்குக் குறையாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். ஐடிலில் விட்டால் லோப்புக்குப் போதிய ஆயில் தெறிக்காது. ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதால், இன்றைய சாதாரண ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய கேமுக்கு அது பட்டினி. கடையில் மலிவாகக் கிடைக்கிற புது ஆயிலை ஊற்றியே பல நல்ல கேம்கள் வழுக்கையாகத் தேய்ந்திருக்கின்றன.

அதன்பின் டியூனிங். புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் பொருத்தி, முழு ஆக்ஸிலரேட்டரில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் விகிதம் பன்னிரண்டரை, பதின்மூன்றுக்கு ஒன்று என்று நிற்கும்வரை ஜெட்டுகளை மாற்றுவார்கள். நன்றாகச் செய்த 3.1 லிட்டரிடம் 240, 250 குதிரைத்திறன் கேட்பது பேராசை ஆகாது. ஆயிரம் கிலோ வண்டிக்கு அது தாராளம். பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் அதற்கேற்பச் செய்யாமல் சாலையில் இறங்குவது தப்பு. நண்பர் அந்த வேலையை முதலிலேயே முடித்துவிட்டார்.

ஓட்டிப் பார்க்கும் இடம் ஊருக்குள் ஓடும் எல் கமீனோ ரியால் சாலை அல்ல. தெற்கே ஒன்றரை மணி நேரத்தில், மான்டரே மலையில், லகூனா செகா ரேஸ் டிராக் இருக்கிறது. 1957-இலிருந்து நடக்கிறது. 'கார்க்ஸ்க்ரூ' என்ற அதன் செங்குத்து இறக்க வளைவை உலகமே அறியும். அங்கும் ஒரு விதி: பெரும்பாலான நாட்களில் சத்தம் 90 டெசிபெலை ஒட்டியே இருக்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் கருவி அளந்து, மீறினால் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் நண்பர் இன்ஜினுக்கு ஈடாகச் சைலன்சருக்கும் செலவு செய்கிறார்.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான். இன்ஜினைப் பற்றி முதலில் கவலைப்படாதீர்கள். டார்ச் லைட்டோடு காருக்கு அடியில் படுங்கள். பேட்டரித் தட்டுக்குக் கீழே, தரைத் தகடு, அதைத் தாங்கும் ரெயில்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். பழைய இசட் கார்களைத் துரு தின்னத் தொடங்குவது அங்கேதான். இன்ஜின் வெடித்துப் போயிருந்தாலும் பரவாயில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.